தோட்டத்துக் கொட்டகையில் உறுதியான வேலை மேசை

தருமபுரி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் ஆடி மாதம் ஒரு நல்ல மழை பெய்தால், விதைப்புக்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்கள்தான். செம்மண்ணின் மேலீரம் காற்றிலும் வெயிலிலும் விரைவில் காய்ந்துவிடும். அந்த நாட்களில் கலப்பையின் கொழு தளர்ந்துவிட்டால், அல்லது மண்வெட்டியின் காம்பு முறிந்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பகல் போய்விடும். பட்டறைக்காரர் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால் இரண்டு பகல். பழுது பார்க்க ஆகும் கூலியை எல்லோரும் கணக்கில் எழுதுகிறோம். தப்பிப்போன ஈரத்தை எவரும் எழுதுவதில்லை.

முன்பு இந்தச் சிரமம் இவ்வளவு இல்லை. ஊருக்கு ஊர் தச்சு ஆசாரியும் கொல்லரும் இருந்தார்கள். ஆண்டு முழுவதும் ஏர், வண்டி, கருவிகளைப் பார்த்துக் கொடுப்பார்கள். அறுவடையின்போது களத்தில் தானியம் வாங்கிக்கொள்வார்கள். அந்த ஏற்பாடு பெரும்பாலான கிராமங்களில் மறைந்துவிட்டது. ஆனால் பழுது குறையவில்லை, கூடியிருக்கிறது. 2004-05ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கி, 400 எக்டர் நிலத்தில் சொட்டுநீர்ப் பாசனமும் நீர்வழி உரமும் கொண்டு சென்றது. அதன் பிறகு சிறு தோட்டங்களிலும் வடிகட்டி, வெஞ்சுரி, பக்கவாட்டுக் குழாய் என்று பல சாமான்கள் வந்து சேர்ந்தன. விசைத்தெளிப்பானும் களையெடுக்கும் இயந்திரமும் வந்தன. இவை ஒவ்வொன்றிலும் கழற்றி மாட்ட வேண்டிய நட்டும் வாஷரும் உண்டு.

இந்த வேலைகளை நம் விவசாயிகள் எங்கே வைத்துச் செய்கிறார்கள்? தரையில் குந்தி உட்கார்ந்துதான். அரிவாளைக் கால் கட்டைவிரலுக்கு இடையில் கவ்விப் பிடித்து அரம் போடுவதையும், மண்வெட்டிக் காம்பை ஒரு காலால் மிதித்துக்கொண்டு வாச்சியால் செதுக்குவதையும் கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அரம் வழுக்கினால் விரல் போகும். வாச்சி தவறினால் கணுக்கால் போகும். தெளிப்பானைக் கழற்றும்போது மண்ணில் விழுந்த சிறு வாஷரைத் தேடித் தேடி அரை நாளைப் போக்கியவர்களும் உண்டு. மண் ஒட்டிய வாஷரை அப்படியே மாட்டி, பிஸ்டனையே தேய்த்துக் கெடுத்தவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் மாற்று, கொட்டகையில் ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு மர வேலை மேசையும் அதில் பொருத்திய ஒரு வைஸும்தான். இதை ஓர் ஆடம்பரச் சாமான் என்று கருத வேண்டாம். ஏரைப் போல, மண்வெட்டியைப் போல, இதுவும் ஒரு பண்ணைக் கருவி. சரியாகச் செய்தால் ஒரு தலைமுறை நிற்கும்.

மேசை ஏன் ஆடுகிறது?

வீட்டில் இருக்கும் சாப்பாட்டு மேசையையோ பள்ளிக்கூட மேசையையோ கொட்டகையில் போட்டு வேலை செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். நான்கு தடவை இழைப்புளி தள்ளினால் மேசை நகர்ந்துவிடும். ஒரு வாரத்தில் கால்கள் ஆடும். காரணம் இரண்டு. ஒன்று, எடை போதாது. மற்றொன்று, ஆணியை நம்பிய மூட்டு. ஆணி, மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் மாறி மாறி வரும் தள்ளலைத் தாங்காது. துளை சிறிது சிறிதாகப் பெருத்து, ஆணி தளர்ந்துபோகும். வேலை மேசைக்கு வருவதோ பெரும்பாலும் பக்கவாட்டுத் தள்ளல்தான்.

நானும் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டுக் கொட்டகைக்கு ஒரு மேசை செய்ய நினைத்து, மலிவாகக் கிடைத்தது என்று பச்சைத் தைல மரச் சட்டங்களை அறுத்து, ஆணி அடித்து நிறுத்தினேன். அன்றைக்குப் பாறை போல நின்றது. பங்குனி வெயில் வந்ததும் இரண்டு கால்கள் முறுக்கிக்கொண்டன. மேல்பலகை நுனியில் வாய் பிளந்தது. மழைக்காலத்தில் அதை அடுப்புக்குத்தான் போட்டோம். தைல மரம் கனமானதுதான். ஆனால் காயும்போது முறுக்கும், வெடிக்கும். பச்சையாகப் பயன்படுத்தினால் நிச்சயம் ஏமாற்றும்.

எந்த மரம்?

தேக்கு வேண்டும் என்பது தவறான எண்ணம். வேலை மேசைக்குத் தேக்கு வீண் செலவு. நம் பகுதியில் வரப்பிலும் வேலியிலும் நிற்கும் மரங்களே போதும்.

கால்களுக்கும் சட்டங்களுக்கும் கருவேலம் மிகச் சிறந்தது. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் நம் முன்னோர் இதைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் அல்ல. அடி தாங்கும், எளிதில் பிளக்காது. ஆனால் நன்றாகக் காய்ந்தபின் உளி இறங்குவது கடினம். வேம்பும் வாகையும் கால், சட்டம், பலகை எல்லாவற்றுக்கும் ஏற்றவை. வேம்பில் வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் எளிதில் தொடாது, வெளிறு அப்படியல்ல. இது எல்லா மரத்துக்கும் பொருந்தும். ஓரத்து வெளுத்த பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் உளு விழும். எனவே அறுக்கும்போதே வெளிற்றை முடிந்தவரை கழித்துவிட வேண்டும்.

பழைய மாந்தோப்புகளைக் கழிக்கும்போது மாமரம் மலிவாகக் கிடைக்கும். அது கீழ்த்தட்டுக்கு ஆகும், காலுக்கு ஆகாது. சீமைக் கருவேலத்தைப் பலரும் விறகு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அதன் வைரப்பகுதி காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். நீளமான நேர்க்கட்டை கிடைப்பதுதான் அரிது. ஆப்பு, முளை, கருவிக் காம்பு ஆகியவற்றுக்கு அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். புளியங்கட்டை கறிக்கடையில் எவ்வளவு அடி வாங்குகிறது என்று எல்லோரும் பார்த்திருப்போம். கொட்டாப்புளி செய்யவும், மேசைமேல் வைத்து அடிக்கும் அடிகட்டையாகவும் அதற்கு நிகர் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நல்ல மரம் ஒன்று பலர் வீட்டிலேயே கிடக்கிறது. ஓட்டு வீட்டைப் பிரித்துக் கான்கிரீட் வீடு கட்டியவர்களின் கொல்லையில் பழைய உத்திரம், நிலைச்சட்டம், மாட்டு வண்டியின் பாகங்கள், கவலை இறைத்த காலத்துத் தூண்கள் கிடக்கும். இவை நாற்பது ஐம்பது ஆண்டுகள் காய்ந்தவை. சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்தது. விறகு விலைக்கு விற்றுவிடும் முன் ஒரு முறை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உள்ளே கெடவில்லை என்று கொள்ளலாம். சொத்தென்று கேட்டால் உளுத்துவிட்டது. பழைய மரத்தை மரமில்லுக்குக் கொண்டுபோகும் முன் அதிலுள்ள ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும். புதைந்த ஓர் ஆணி போதும், அறுக்கும் வாளின் பற்கள் தெறித்து ஆளைக் காயப்படுத்தும்.

புதிதாக மரம் வெட்டுவதாக இருந்தால், சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் சில மரங்களுக்கு அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம். சந்தனம், ஈட்டி ஆகியவற்றை அனுமதியின்றித் தொடக் கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. ஐயம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டபின் கோடரியை எடுப்பது நல்லது.

காயவைக்கும் முறை

பச்சை மரத்தை அறுத்தவுடன் வெயிலில் போடுவது பெருந்தவறு. மேற்பரப்பு விரைந்து காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் நிற்கும். நடுவே மரம் பிளந்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கற்களின்மேல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் 2 அடிக்கு ஒன்றாக 1 அங்குலக் குச்சிகளை, மேலும் கீழும் ஒரே நேராக வரும்படி வைக்க வேண்டும். குச்சிகள் முன்பின்னாக இருந்தால் பலகை அலைபோல் வளையும். அடுக்கின்மேல் கனமான கற்களை ஏற்றுங்கள். சட்டங்களின் இரு நுனிகளிலும் பழைய பெயிண்ட் அல்லது உருக்கிய மெழுகைத் தடவினால் நுனி வெடிப்பு பெரிதும் குறையும். ஈரம் நுனி வழியாகத்தான் மிக வேகமாக வெளியேறுகிறது.

காய்ந்துவிட்டதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். புளி நிறுக்கும் தராசு போதும். அடுக்கிலிருந்து ஒரே பலகையை எடுத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை நிறுத்து, எடையை அதன்மேலேயே கரியால் எழுதி வாருங்கள். முதலில் எடை மளமளவென்று குறையும், பிறகு மெல்லக் குறையும், பிறகு நின்றுவிடும். தொடர்ந்து மூன்று தடவை எடை மாறாமல் இருந்தால் பலகை காய்ந்தது. 2 அங்குலப் பலகைக்கு நம் ஊர் வெயில் காலத்தையும் சேர்த்து ஆறேழு மாதங்களாவது விட வேண்டும். தை மாதத்தில் அறுத்து அடுக்கினால் ஆவணியில் வேலை தொடங்கலாம். 4 அங்குலக் கால்களுக்கு அது போதாது. அதனால்தான் கால்களுக்கு மட்டுமாவது பழைய மரத்தைத் தேடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

அளவுகள்

முதலில் உயரம். செருப்போடு நேராக நின்று கையைத் தளரத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு இருக்கும் உயரமே மேசையின் உயரம். நம்மில் பெரும்பாலோருக்கு இது 31 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். இந்த மேசைமேல் வைஸைப் பொருத்தினால் அதன் வாய் மேலும் ஐந்தாறு அங்குலம் உயர்ந்து முழங்கை அளவுக்கு வரும். அரம் போட அதுவே சரியான உயரம். இதைவிடத் தாழ்வானால் இடுப்பு வலிக்கும். உயர்ந்தால் தோள் வலிக்கும். வீட்டில் பெண்களும் இந்த மேசையில் வேலை செய்வார்கள். மேசையை உயரமானவருக்கு ஏற்றபடி செய்துவிட்டு, மற்றவர்கள் ஏறி நிற்க ஒரு கனத்த பலகையைத் தரையில் போடலாம். உயரத்தை ஏற்றுவது எளிது, இறக்க முடியாது.

கீழே 33 அங்குல உயரத்துக்குக் கணக்குச் சொல்கிறேன். மேசையின் நீளம் 5 அடி, அகலம் 2 அடி. கால்கள் நான்கு, 4க்கு 4 அங்குலம், நீளம் 31 அங்குலம். குறுக்குச் சட்டம் நான்கு, 4க்கு 2 அங்குலம், நீளம் 23 அங்குலம். நெடுஞ்சட்டம் நான்கு, 4க்கு 2 அங்குலம், நீளம் 42 அங்குலம். மேல்பலகை மூன்று, 8 அங்குல அகலம், 2 அங்குல கனம், 60 அங்குல நீளம். பலகைகளின் நடுவில் அடியில் போட 3க்கு 2 அங்குலத்தில் 22 அங்குலச் சட்டம் ஒன்று. ஆக மொத்தம் 4 கன அடிக்குச் சற்று அதிகம். சேதாரம் சேர்த்து 5 கன அடி வாங்கினால் போதும். காய்ந்த வேம்பு கன அடி ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். ஆகவே மேசை 80 கிலோ வரும். கீழ்த்தட்டில் சாமான்களை ஏற்றியபின் இதை ஒருவர் தள்ளி நகர்த்த முடியாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

மூட்டுகள்

மேசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. உளி பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதிக்கு மட்டும் ஓர் ஆசாரியை வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நின்று என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொள்வதும் தேவை.

முதலில் இரண்டு பக்கச் சட்டகங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஒரு குறுக்குச் சட்டம். குறுக்குச் சட்டத்தின் நுனிகளில் முக்கால் அங்குல கனத்தில் நாக்கு எடுத்து, காலில் மறுபக்கம் வரை செல்லும் துளையில் செலுத்த வேண்டும். கால்களின் வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் 22 அங்குலம். சட்டம் 23 அங்குலம் என்பதால் இரு பக்கமும் நாக்கு அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பிறகு சீவிவிடலாம். மேல் குறுக்குச் சட்டம் காலின் தலையோடு சமமாக நிற்க வேண்டும். ஆனால் அதன் நாக்கை முழு 4 அங்குல உயரத்துக்கும் எடுக்கக் கூடாது. மேலே ஒன்றரை அங்குலத்தைக் கழித்து, கீழே இரண்டரை அங்குலம் மட்டும் விடுங்கள். முழுவதும் எடுத்தால் துளையின் மேல்வாய் திறந்துகொண்டு, முதல் அடியிலேயே காலின் தலை பிளக்கும்.

நாக்கு துளையில் கையால் தள்ளினால் பாதி போகவும், கொட்டாப்புளியால் தட்டினால் மீதி போகவும் வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்துத்தான் போகும் என்றால் காலைப் பிளக்கப் போகிறீர்கள் என்று பொருள். பொருத்தியபின் வெளியே தெரியும் நாக்கின் நுனியில் இரண்டு வெட்டுகள் போட்டு, மரப்பசை தடவிய ஆப்புகளை அடித்து இறுக்க வேண்டும். இதற்காகத் துளையின் வெளிவாயை மேலும் கீழும் கொஞ்சம் அகலமாக எடுத்திருக்க வேண்டும். இங்கே ஒன்றை மிகவும் கவனிக்க வேண்டும். ஆப்பு நாக்கை விரிக்கும் திசை, காலின் நீளவாட்டில், அதாவது மேலும் கீழுமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் விரியும்படி அடித்தால் காலின் நார் பிரிந்து, மேலிருந்து கீழ்வரை வெடித்துவிடும். அனுபவமுள்ள ஆசாரிகளுக்கு இது கைப்பழக்கம். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கீழ்க் குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 5 அங்குலத்தில் தொடங்கட்டும்; கூட்டிப் பெருக்க இடம் வேண்டும். பசை காயும் முன் சட்டகத்தின் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் சமமாக இருந்தால் சதுரம் சரி. இல்லையென்றால் நீளமான மூலையை மெல்ல அழுத்தித் திருத்த வேண்டும்.

இரண்டு சட்டகங்களையும் இணைப்பவை நெடுஞ்சட்டங்கள். இவற்றுக்குப் பசையும் ஆப்பும் வேண்டாம், போல்ட் போடுங்கள். வீடு மாறினாலோ கொட்டகையைப் பிரித்தாலோ மேசையைக் கழற்றி வண்டியில் ஏற்றலாம்; மரம் சுருங்கித் தளர்ந்தால் முடுக்கியும் விடலாம். நெடுஞ்சட்டத்தின் நுனியில் 1 அங்குல நீளத்துக்குக் குட்டை நாக்கு எடுத்து, காலில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்து உட்கார வையுங்கள். இது சட்டம் திருகாமல் தடுக்கும். பிறகு காலின் வெளிப்புறத்திலிருந்து துறப்பணத்தால் துளையிட்டு, அதே துளையைச் சட்டத்தின் நுனிக்குள்ளும் நீட்ட வேண்டும். சட்டத்தின் உட்பக்கத்தில், காலிலிருந்து 3 அங்குலம் தள்ளி ஒரு சிறு சதுரக் குழி வெட்டினால் போல்டின் முனை அதில் வந்து நிற்கும். அங்கே வாஷரும் நட்டும் போட்டு முடுக்க வேண்டும். அரை அங்குல கனம், 8 அங்குல நீளமுள்ள போல்ட் எட்டு வேண்டும்.

நெடுஞ்சட்டத்தையும் குறுக்குச் சட்டத்தையும் ஒரே உயரத்தில் வைக்கக் கூடாது. வைத்தால் போல்ட் நேராகப் போய் நாக்கைத் துளைக்கும். கால் அந்த இடத்தில் ஓட்டையாகிப் பலம் இழக்கும். மேலே குறுக்குச் சட்டம் முடியும் இடத்திலிருந்து கீழாக நெடுஞ்சட்டம் வரட்டும். கீழே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாக வரட்டும். கால்களின் வெளிப்புற நீளம் 48 அங்குலம் வரும். பலகை இரு பக்கமும் 6 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்.

மேல்பலகை

பலகைகளை முன்புறம் காலோடு சமமாக வைத்து, மீதி 2 அங்குலத்தைப் பின்புறம் நீட்டிவிடுங்கள். முன்புறம் சமமாக இருந்தால்தான் நீளமான சட்டத்தைக் காலோடு சேர்த்துப் பிடித்து இழைக்க முடியும். ஒவ்வொரு பலகையையும் இரு பக்கமும் மேல் குறுக்குச் சட்டத்தோடு ஒரு போல்ட் போட்டு இறுக்குங்கள். முன், பின் பலகைகளுக்குக் கூடுதலாகக் காலின் தலையில் ஒரு நீண்ட திருகாணியும் போடலாம். போல்டின் தலை பலகைக்குள் அரை அங்குலம் புதைந்து நிற்க வேண்டும். இல்லையேல் உளியும் இழைப்புளியும் அதில் பட்டு முனை போகும். பலகை அகலவாட்டில் பருவத்துக்குப் பருவம் சுருங்கும், விரியும். அதற்கு இடம் கொடுக்கக் குறுக்குச் சட்டத்திலுள்ள துளையைச் சிறிது நீள்வட்டமாக்கிக்கொள்ள வேண்டும். நடுச்சட்டத்தைக் கீழிருந்து மூன்றரை அங்குலத் திருகாணியால் பொருத்தினால் மூன்று பலகைகளும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

பலகைகளுக்கிடையே இடைவெளி வேண்டுமா என்று கேட்பார்கள். நன்றாகக் காய்ந்த பலகையை ஒட்டியே போடலாம். கோடையில் தானாக ஒரு நூல் இடைவெளி விழும். அதற்கு மேல் விட்டால் சிறு நட்டுகள் எல்லாம் அதன் வழியாகத்தான் காணாமல் போகும்.

வைஸ் பொருத்துதல்

4 அங்குல வைஸ் பண்ணை வேலைக்குப் போதும். வலக்கைக்காரர்களுக்கு மேசையின் இடது முன்மூலையில், காலை ஒட்டி உட்பக்கமாகப் பொருத்த வேண்டும். காலுக்கு நேர் மேலே வைத்தால் அடியில் நட்டுப் போட இடம் இராது. வைஸின் நிலையான தாடை மேசையின் விளிம்பைத் தாண்டிச் சற்றே வெளியே நிற்கட்டும். அப்போதுதான் ஒரு குழாயையோ மண்வெட்டிக் காம்பையோ செங்குத்தாகத் தரைவரை தொங்கவிட்டுப் பிடிக்க முடியும். பலகையின் அடியில் அகலமான வாஷர் போடாவிட்டால் நட்டு மரத்துக்குள் அமிழ்ந்து தளரும். மரக்காம்பைப் பிடிக்கும்போது தாடைகளுக்கு இடையில் இரண்டு மெல்லிய மரத் துண்டுகள் வைத்துக்கொண்டால் காம்பில் பல் பதியாது.

வைஸ் வாங்க இப்போது பணம் இல்லை என்றாலும் மேசை பயன்படும். முன் பலகையில் 1 அங்குலத் துளைகள் சில இட்டு, சீமைக் கருவேல முளைகளைச் செருகுங்கள். முளைக்கும் பலகைக்கும் இடையில் எதிரெதிராக இரண்டு ஆப்புகளைத் தட்டினால் வேலைச் சாமான் அசையாது.

அடித்து நிமிர்த்தும் வேலையை வலது முன்காலுக்கு நேர் மேலே புளியங்கட்டை வைத்துச் செய்யுங்கள். பாரம் கால் வழியாக நேரே தரைக்கு இறங்கும். மேசையின் நடுவில் சம்மட்டியால் அடிப்பது மேசைக்கும் நல்லதல்ல, வேலையும் ஆகாது.

இடமும் பாதுகாப்பும்

கால்கள் மண் தரையில் நேரடியாக நிற்கக் கூடாது. தருமபுரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. நான்கு கல் துண்டுகளை ரசமட்டம் பார்த்துப் பதித்து, அவற்றின்மேல் கால்களை நிறுத்துங்கள். கல் தரைக்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அந்த அளவைக் காலின் உயரத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். காலின் அடியில் தார் பூசினால் ஈரம் ஏறாது. கறையான் கல்லின்மேல் மண்பாதை கட்டித்தான் ஏற முடியும். அது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் பின்கால்களையும் பார்க்க முடியும். வடக்குப் பக்கத்துச் சன்னலை நோக்கி மேசையைப் போட்டால் நாள் முழுவதும் கண் கூசாத வெளிச்சம் கிடைக்கும்.

மேல்பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு தடவை பூசலாம். ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் போட்டுவிடக் கூடாது. காயும்போது அந்த எண்ணெய் சூடாகும். குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பற்றும். கீற்றுக் கொட்டகையில் இது எங்கே கொண்டு விடும் என்று சொல்லத் தேவையில்லை. துணியை வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டுவிடுங்கள். கழிவு என்ஜின் எண்ணெயை மேல்பலகையில் பூசுவது வேண்டாம். கை, துணி, விதை எல்லாவற்றிலும் ஒட்டும்.

தெளிப்பானை மேசையில் ஏற்றும் முன் டேங்கையும் குழாயையும் வெளியில் மூன்று முறை கழுவிவிட வேண்டும். பூச்சிமருந்து மரத்தில் ஊறினால் எத்தனை முறை கழுவினாலும் முழுவதும் போகாது. நாளைக்கு அதே பலகைமேல் உங்கள் வீட்டுக் குழந்தை கையை ஊன்றும். அதே காரணத்தால் மருந்துப் புட்டிகளைக் கீழ்த்தட்டில் வைக்கவும் கூடாது. மேசைமேல் மருந்து கலக்கவும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள வேலைகளுக்கு மேசையின் வலதுபாதியில் ஒரு தகரத்தை ஓரம் மடித்துப் போட்டுக்கொண்டால் பலகை சுத்தமாக இருக்கும். சிறு வாஷர்களும் உருண்டு விழாது.

மின்சார வேலையாக இருந்தால், மோட்டார் ஸ்டார்ட்டராக இருந்தாலும் சரி, அதை மேசைக்குக் கொண்டுவரும் முன் மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு கைவாள், அரை அங்குல, 1 அங்குல உளிகள், இழைப்புளி, மூலைமட்டம், தட்டையரம், முக்கோண அரம், சுத்தியல், இரண்டு ஸ்பானர்கள். கருக்கரிவாளின் பல்லைக் கூராக்க முக்கோண அரம் இல்லாமல் முடியாது. இவற்றை மேசைக்குப் பின்புறச் சுவரில் பலகை அடித்து மாட்டி, ஒவ்வொன்றின் உருவத்தையும் கரியால் சுற்றி வரைந்துவிட்டால் எது இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். இரவல் வாங்கிப் போனவர் யார் என்று யோசிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

பண்ணைக் கருவிகளைப் பராமரிப்பது பற்றிக் கூடுதலாக அறிய விரும்புவோர் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகலாம்.

மேசை செய்து முடித்த முதல் ஆண்டில் எட்டுப் போல்டுகளையும் இரண்டு முறை முடுக்கிவிட வேண்டும். சித்திரையில் ஒரு முறை, ஏனெனில் அப்போதுதான் மரம் மிகவும் சுருங்கியிருக்கும். ஆடி விதைப்பு தொடங்கும் முன் இன்னொரு முறை. அடுத்த ஆண்டிலிருந்து சித்திரையில் ஒரு முறை பார்த்தால் போதும்.